நாத்தம் இல்லம்மா, வாசனை

அந்த வாசனை நகரத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தவர்கள் கொக்கியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்கள். நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு மூக்கை மேலே தூக்கினார். அவர் கை காட்டாத வண்டிகளும் நின்றன. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் மோந்து பார்த்து, "நீதான்டி", "இல்ல, நீதான்டா" என்று மல்லுக்கட்டினார்கள். மேல்மாடிக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கூரையைப் பார்த்து, "மாடியில என்னமோ நடக்குது" என்றார்கள். பூவும் இல்லை, சோப்பும் இல்லை, மருந்தும் இல்லை, சமையலும் இல்லை. குளிர்ச்சியாக, பச்சையாக, யாரோ கதவைத் திறந்துகொண்டு இப்போதுதான் உள்ளே வந்த மாதிரி இருந்தது. இன்னதென்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பேர் தெரியாத ஒன்றைக் கண்டால் மனுஷனுக்கு முதலில் வருவது பயம்தானே. ஊர் காலைப் பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் "விஷவாயு" என்ற சொல் தெருவில் இறங்கிவிட்டது. அப்புறம் அதை யார் பிடித்து நிறுத்துவது? கடைக்குக் கடை, படிக்கட்டுக்குப் படிக்கட்டு அது ஓடியது.

நகரமே மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்தக் காலையில், எதுவுமே தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டமும் இருந்தது. நகரத்தின் மேல்கோடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஊர் கழுவிவிட்டது, கொட்டிவிட்டது, மறந்துவிட்டது அத்தனையையும் குழாய்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கும். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதம் சாப்பிடமாட்டார்கள். அடுத்த மாதம் சாப்பிடுவார்கள், ஆனால் பேசமாட்டார்கள். அதற்கப்புறம் மூக்கு, "நீயாச்சு, உன் வேலையாச்சு" என்று கைகழுவிவிட்டுப் போய்விடும். போன மூக்கு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அண்ணிக்கு மூக்கு போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளை நிலையத்தில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்த புதிதில் அவள் நாத்தனார் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்து, "எங்க அண்ணியைக் கூப்பிடுங்க" என்று கேட்க, எடுத்தவர் தொட்டிக்கரையைப் பார்த்து, "அண்ணீ! போனு!" என்று கத்தினார். அன்றோடு சரி. அவளைவிட மூத்த தலைமைப் பொறியாளர்கூட அவளை "அண்ணி மேடம்" என்பார். கோபம் வந்தால் அவருக்கு மூக்கு வழியாக ஒரு சீழ்க்கை கிளம்பும். அதனால் அவருக்கு நீராவி என்று பேர். ஒன்றும் மோந்து பார்க்க முடியாத மூக்கு, சீழ்க்கையாவது அடிக்கட்டும் என்பார்கள்.

அண்ணியின் பொறுப்பில் இருந்தவை காற்றுத் தொட்டிகள். பார்க்கிறவர்களுக்கு அது பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும் சேற்றுக் குளம். அண்ணிக்கு அது பிள்ளைக்காடு. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அதற்குள் இருந்தன. ஊர் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் தின்றுவிட்டு, தண்ணீரைத் தண்ணீராகவே திருப்பிக் கொடுப்பவை அவைதான். சோற்றை ஊர் அனுப்பிவிடும். மூச்சுக்காற்றை மட்டும் இவர்கள் கொடுக்க வேண்டும். தொட்டியின் அடியில் இயந்திரங்கள் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அது நின்றால் பிள்ளைகள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு ராத்திரி தாங்காது. கடைசித் தொட்டியில் அவர்கள் இரண்டு தடவை அப்படிப் பறிகொடுத்திருந்தார்கள். ஒரு தடவை குளிர். இன்னொரு தடவை எந்தப் புண்ணியவானோ அமிலத்தைக் கொட்டிவிட்டான். மூன்றாம் தடவை, அக்கம்பக்கத்துத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சேற்றை மாற்றி ஊற்றி, கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்து வளர்த்த கூட்டம் இது.

வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சோதனைச்சாலைக் கணக்கெல்லாம் தனியாக நடக்கும். அதெல்லாம் மேலிடத்துக்கு. தொட்டிக்கரையில் நடப்பது ஜாடிப் படிப்பு. வெளியே போகிற தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து, ஜாடிக்குப் பின்னால் அன்றைய பேப்பரை வைத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். முதல் வருஷம் பேப்பர் இருப்பதே தெரியவில்லை. அப்புறம் தலைப்புகள் தெரிந்தன. அப்புறம் செய்தி. போன மாதத்திலிருந்து கடைசிப் பக்கத்து ராசிபலன்வரை தெரிந்தது. அன்று காலையும் அண்ணிதான் படித்தாள்.

"எதிர்பாராத இடத்திலிருந்து பாராட்டு வரும்."

"நமக்கா? எந்த ராசிக்காரன் எழுதினான் அதை?" என்றார் நீராவி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தண்ணீர் நிலையத்தின் வாசலிலிருந்து ஆற்றில் இறங்கி, ஊருக்குள் போனது. ஆறு என்பது வரைபடத்தில் உள்ள பேர். ஊரில் அதற்குப் பேர் கருப்புக் கால்வாய். அதன் பக்கம் இருந்த ஜன்னல்களை ஆணி அடித்து மூடிவைத்திருந்தார்கள். அதில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்று சொன்னால் பிள்ளைகள் கதை விடாதே என்பார்கள்.

வீட்டிலும் அண்ணியின் வேலைக்கு ஒரு மாற்றுப்பேர் இருந்தது. நாத்தனார் அக்கம்பக்கத்தில், "அண்ணி தண்ணி டிபார்ட்மெண்ட்ல இருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். பொய்யென்றும் சொல்ல முடியாது. அண்ணி வேலை முடிந்து வந்தால் பின்பக்கப் படி வழியாக ஏறி, குளித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும். அவளுடைய நீலச் சட்டையின் முதுகில் "கழிவுநீர்" என்று பெரிய வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருக்கும். நாத்தனார் அதைத் துவைத்துப் பின்பக்கக் கொடியில், உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பித்தான் காயப்போடுவாள். அண்ணி ஒன்றும் சொன்னதில்லை. துவைத்துக் கொடுக்கிறாளே, அது போதாதா? அண்ணியின் வீட்டுக்காரர் திரைச்சீலை தைப்பவர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் பேசாமல் இருக்க அது வசதி.

"வீட்டுல நாத்தனார், வேலையில நாத்தம். மூச்சு விட உங்களுக்கு எங்க அண்ணி நேரம்?" என்று நிலையத்தில் கேலி செய்வார்கள்.

"எனக்குத்தான் ரெண்டும் தெரியாதே" என்பாள் அண்ணி.

*

அன்று முன்பகலில் டிவிக்காரர்கள் நிலையத்து வாசலுக்கு வந்தார்கள். வாசனை மேல்கோடியிலிருந்துதான் வருகிறது என்று எவரோ சொல்லியிருந்தார்கள். நீராவி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காமிராவுக்கு முன்னால் நின்றார்.

"எந்த வாசனையும் இல்லைங்க. நான் இங்கயேதான் நிக்கறேன். ஏதாவது இருந்தா எனக்குத் தெரியாதா?"

அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பின்னால் நின்ற பத்துப் பேரும் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, ஒண்ணும் இல்ல" என்று தலையாட்டினார்கள். ஆனால் மைக்கைப் பிடித்திருந்த பெண் கண்ணை அகல விரித்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. மதியத்துக்குள் மாநகராட்சி ஆணையரின் உத்தரவு வந்துவிட்டது: காரணம் தெரியும்வரை நிலையத்தை நிறுத்த வேண்டும். மாலைக்குள் காற்று இயந்திரங்களை அணைத்துவிட்டு, கழிவை முன்போல நேராகக் கால்வாயில் விட்டுவிட வேண்டும்.

நீராவி சீழ்க்கைகூட அடிக்கவில்லை. உத்தரவைப் படித்துவிட்டு மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

"ஒரு நாள்தானேன்னு நினைக்கறாங்க" என்றார்.

"ஒரு நாள் நம்ம கணக்கு. அதுங்களுக்கு அது ஆயுசு" என்றாள் அண்ணி.

அவள் தொட்டிக்கரைக்குப் போய் நின்றாள். நுரை வந்து கம்பித் தடுப்பில் மோதிக் கலைந்தது. மறுபடியும் முதலிலிருந்தா? வாளி, சேறு, குளிர், பேப்பரே தெரியாத ஜாடி. எல்லாமுமா? அழுகை வரவில்லை. அப்போது யாரோ கத்தினார்கள்.

"அண்ணீ! போனு! உங்க வீட்டு நாத்தம்!"

நாத்தனார் மாநகராட்சியின் புகார் மையத்தில் வேலை பார்த்தாள். காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்க ஊரின் வசவை வாங்கிக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். குரல் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னத்தைக் கலந்து தொலைச்சீங்க அண்ணி?"

"எதையும் கலக்கல. நீ முதல்ல மூச்சு விடு."

"மூச்சு விட்டாத்தான் வாசனை வருதே! காலையிலேர்ந்து காது பழுத்துப்போச்சு எனக்கு. என் ஸ்க்ரீன்ல 'நாற்றம்'னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதை அமுக்கினா சாக்கடையா, குப்பையா, செத்த பிராணியா, எரிவாயுவான்னு கேக்கும். நான் என்ன பண்ணுவேன்? 'சரிங்க, எந்த மாதிரி நாத்தம்?'னு கேக்கறேன். உடனே எனக்குப் பாடம் எடுக்கறாங்க. 'நாத்தம் இல்லம்மா, வாசனை.' ஒருத்தர் பாக்கியில்ல! விஷவாயுன்னு அலறிட்டு வந்த ஆளுகூட, 'விஷ வாசனை'ங்கறார். விஷத்துல என்ன அண்ணி வாசனை வேண்டிக்கிடக்கு?"

அண்ணி கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா சொன்னதைத் திரும்பச் சொல்லு."

"விஷத்துல என்ன..."

"அதுக்கு முன்னாடி."

"நாத்தம் இல்லம்மா, வாசனை."

"யாருமே நாத்தம்னு சொல்லலையா?"

"ஒருத்தர்கூட இல்ல. அதான் எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியாம முழிக்கறேன்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து போன் வருது?"

"எல்லாப் பக்கமும்தான். காலையில முதல்ல வந்ததெல்லாம் பாலத்துக்கு ரெண்டு பக்கம், சந்தைக்குப் பின்னாடி, அச்சகத்தெரு, எங்க ஆபீஸு..." நாத்தனாரின் குரல் தேய்ந்தது. "எல்லாம் கால்வாய் ஓரம். ஆனா அண்ணி, கால்வாய்னா நாறத்தானே நாறும்?"

"நாறலையே. அதைத்தானே எல்லாரும் உனக்குச் சொல்றாங்க."

அண்ணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எனக்கு ஒண்ணு பண்ணு" என்றாள் அண்ணி. "எந்திரிச்சுப் போய் ஜன்னல்கிட்ட நில்லு. நல்லா மோந்து பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. எனக்குத் தெரியாது, பாரு."

வீட்டில் பல வருஷமாக, "அண்ணி, குளிச்சீங்களா?" என்று மூக்கைச் சுருக்கியவள் அவள். அந்த மூக்கைத்தான் அண்ணி இப்போது கடன் கேட்டாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நாத்தனாரின் குரலில் சூடு இல்லை.

"வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினா ஒரு வாசனை வருமே, அதுல பாதி. மழையில நனைஞ்ச கல்லு பாதி. அண்ணி, ஆபீஸ்ல மலைக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அங்க ஒரு ஓடையில காலை விட்டுட்டு உக்காந்திருந்தோம். பாசி, கல்லு, தண்ணி. அந்த இடம் இப்படித்தான் இருந்துச்சு." நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, இது நீங்க பண்ணதா?"

"நான் மட்டும் இல்ல. எல்லாரும்."

"அட" என்றாள் நாத்தனார். அப்புறம், "அடப்பாவிகளா, அதைப் போயா நிறுத்தச் சொல்லியிருக்காங்க?"

"அதுக்குத்தான் உங்க ஆணையர்கிட்ட வர்றேன். நீ சீட்டைவிட்டு எந்திரிக்காதே. தேவைப்படும்."

*

ஆணையரின் அறை கால்வாய்க் கரையில், பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. நீராவியும் அண்ணியும் உள்ளே போனபோது ஆணையர் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து உட்காராத முகம். அதிர்ந்து பேசாத பெண்மணி. குரலைத் தாழ்த்தினாலே அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள்.

"உக்காருங்க. எரிவாயுக் கம்பெனிக்காரங்க வந்து சோதிச்சுட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆஸ்பத்திரியிலயும் யாரும் சேரல. அதனால நான் பயப்படக் கூடாதுன்னு நீங்க சொல்ல வர்றீங்க. ஆனா இது என்னன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. என்னன்னே தெரியாத ஒண்ணை இத்தனை லட்சம் பேர் சுவாசிச்சுட்டு இருக்க, நான் சும்மா இருக்க முடியுமா? நீங்களோ டிவியில நின்னு வாசனையே இல்லைங்கறீங்க."

"எனக்கு மூக்கு இல்ல மேடம்" என்றார் நீராவி. "அதை அங்க சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்றேன். எங்கள்ல யாருக்குமே இல்ல."

ஆணையர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டது அண்ணிக்குத் தெரிந்தது.

"நாங்க சொல்றதை நம்ப வேணாம் மேடம்" என்றாள் அண்ணி. "ஊர் சொல்றதைக் கேளுங்க. புகார் மையத்தோட லைனை இங்க ஒலிபெருக்கியில போடச் சொல்லுங்க. என் நாத்தனார் அங்கதான் இருக்கா."

போட்டார்கள். முதலில் ஒரு சலவைக்கடைக்காரர் வந்தார். கூவித்தான் பேசினார்.

"மொட்டைமாடி பூரா துணி காயப்போட்டிருக்கேன்மா. அத்தனையிலயும் ஏறிக்கிச்சு!"

"அச்சச்சோ, திரும்பத் துவைக்கணுமா சார்?" இது நாத்தனாரின் ஆபீஸ் குரல்.

"துவைக்கறதா? எதுக்கு? நீ வேற! மத்தியானம் ஒரு அம்மா துணி வாங்கிட்டுப் போய்ட்டு, திரும்பி வந்து, என்ன போட்டீங்கன்னு கேக்குது. இது எங்க கிடைக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் போன் போட்டேன்."

அடுத்து வந்தது ஒரு பெண். தாழ்ந்த குரல், பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் போல.

"விஷவாயுன்னு சொல்றாங்களே, நிஜமா? எங்க வீடு பாலத்துக்கு ரொம்பப் பக்கம். கைக்குழந்தை இருக்கு."

ஆணையரே ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார். "நான் ஆணையர் பேசறேன்மா. ஜன்னலை மூடிட்டீங்களா?"

மறுமுனையில் குழந்தையின் சீரான மூச்சுதான் கேட்டது.

"அம்மா? ஜன்னல்?"

"இல்லீங்க. திறந்துதான் இருக்கு."

"விஷவாயுன்னு பயந்துட்டு ஏன் திறந்து வச்சிருக்கீங்க?"

"அதானே" என்றது அந்தக் குரல், தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி. "மூடணும்னு தோணவேயில்லீங்க. குழந்தை ஜன்னலோரமாத்தான் தூங்குது. இவ்வளவு நேரம் ஒரேயடியா தூங்கினதே இல்ல."

ஆணையர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவரின் பார்வை தன் அறையின் பின்சுவருக்குப் போனது. கால்வாய்ப் பக்கத்து ஜன்னல் அது. அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே ஆணி அடித்து, மேலே சுண்ணாம்பும் பூசி, திரைச்சீலை போட்டு மறைத்திருந்த ஜன்னல். இப்போது அது அகலத் திறந்து கிடந்தது. திரைச்சீலை உள்ளே வந்து வந்து போயிற்று. கீழே தரையில் பிடுங்கிப்போட்ட ஆணிகள்.

"யார் திறந்தது இதை?"

"நீங்கதான் மேடம்" என்றார் வாசலில் நின்ற பியூன். "காலையில வந்ததும் சுத்தியலைக் கொண்டாந்து பிடுங்கச் சொன்னீங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஆணையர்தான். அப்புறம் நீராவியின் மூக்கிலிருந்து சீழ்க்கை கிளம்பியது. இந்தத் தடவை கோபமில்லை.

அண்ணி பையிலிருந்து ஜாடியை எடுத்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே தண்ணீர் ஓடியது. கட்டுவதற்குத்தான் கயிறு வேண்டும். திரைச்சீலையின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கழட்டிக்கலாமா மேடம்? எங்க வீட்டுக்காரர் தச்ச திரைதான் இது. தையலைப் பாத்தாலே தெரியுது. கயிறு அறுந்துபோகாது."

அறையின் மற்றத் திரைகளின் கயிறுகளையும் சேர்த்து முடிந்ததில், ஜாடி மூன்று மாடி இறங்கி, நிரம்பி, மேலே வந்தது. பியூன் பேப்பரைக் கொண்டுவந்தார். அண்ணி ஜாடியைப் பிடிக்க, நீராவி பின்னால் பேப்பரை விரிக்க, ஆணையர் கண்ணாடியை மூக்கின்மேல் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"சத்தமாப் படிங்க மேடம். அதுதான் எங்க வழக்கம்."

"எதிர்பாராத இடத்திலிருந்து..." ஆணையர் நிறுத்தினார். ஜாடியை வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். கண்ணை மூடினார்.

"இதேதான்" என்றார். "அப்ப இது கால்வாய்த் தண்ணியா?"

"ஆத்துத் தண்ணி மேடம்" என்றாள் அண்ணி. அந்தச் சொல் அந்த அறையில் அதுவரை யாரும் சொல்லாதது. அவள் தலை தானாக நிமிர்ந்தது. "கடைசித் தொட்டி தேறினப்புறம் தண்ணி தெளிஞ்சுடுச்சு. அடியில பாசி பிடிக்குது, செடி வருது. சுத்தமான ஆறு இப்படித்தான் இருக்கும்போல. எங்களுக்கும் தெரியாது, நாங்க கண்ணால பாத்ததோட சரி. மூக்கால பாத்தது ஊர்தான். நீங்க இயந்திரத்தை நிறுத்தினா நாளைக்கே இந்த வாசனை போயிடும். அது உறுதி. அதுக்குப் பதிலா வர்றதுக்கு என் நாத்தனாரோட ஸ்க்ரீன்ல 'நாற்றம்'னு கட்டம் இருக்கு."

ஆணையர் ஜாடியை மேஜைமேல், உத்தரவின் நகலுக்கு மேல் வைத்தார். காகிதம் நனைந்து, மை கலங்கியது.

"நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. தண்ணியைத் தினம் சோதிக்கணும், முடிவு என் மேஜைக்கு வரணும். ஆனா நிறுத்த வேணாம்."

நீராவி போனை எடுத்தார். நிலையத்து எண் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க அந்த எண்ணுக்குத்தான் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தார். கிடைக்கவில்லை. அண்ணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற நல்லவர்கள், நிலையத்து ஆட்கள். சொன்ன நேரத்துக்குக் கை சுவிட்சுக்குப் போய்விடும். ஒலிபெருக்கி இன்னும் திறந்தே இருந்தது.

"அண்ணி, நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றது நாத்தனாரின் குரல். "எங்ககிட்ட உங்க ஆபீஸுக்கு நேர் லைன் இருக்கு. இருங்க."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"இங்க பாருங்க, அண்ணியோட நாத்தனார் பேசறேன். யாராவது சுவிட்சுல கை வச்சீங்க, கையை ஒடிச்சுடுவேன். ஆணையர் உத்தரவு!"

ஆணையர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். "கையை ஒடிக்கச் சொல்லி நான் உத்தரவு போடல" என்றார் அண்ணியிடம்.

"ஒரு மெஷினை அணைச்சுட்டோமே!" என்றது அந்தப் பக்கத்துக் குரல் பதறி.

"அப்ப போடுங்க!"

தூரத்தில் ஒரு முனகல். அது உறுமலாகி, சீராகி, மற்ற இயந்திரங்களின் சத்தத்தோடு கலந்தது. ஊருக்கு அது வெறும் இரைச்சல். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். பிள்ளைகள் மூச்சு விட்டன.

*

சாயங்காலம் அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெருவில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பழக்கதோஷத்தில் பின்பக்கப் படிக்குப் போனாள். அங்கே நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"இந்தப் பக்கம் எங்க வர்றீங்க?"

"குளிக்க வேணாமா?"

"முன்பக்கமா வாங்க. எதிர்வீட்டு அம்மா, கீழ்வீட்டு மாமா, மேல்வீட்டு டீச்சர் எல்லாரும் கூடத்துல உக்காந்திருக்காங்க. டிவியில உங்க பேரைச் சொல்லிட்டாங்க."

"இப்படியேவா? சட்டையெல்லாம்..."

"இப்படியேதான்."

அண்ணி முன்வாசல் வழியாக நுழைந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் சுவரோரமாக நின்றாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"தண்ணி டிபார்ட்மெண்ட்னுதானேம்மா சொன்னே?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"கழிவுநீர்" என்றாள் நாத்தனார். கீழ்வீட்டு மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதற்காகவோ வேறு எதற்காகவோ, இன்னும் உரக்கச் சொன்னாள். "க-ழி-வு-நீ-ர்! எங்க அண்ணி அங்கதான் வேலை பாக்கறாங்க. ஆத்தை அவங்கதான் கொண்டாந்தாங்க."

வீட்டுக்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ பேசப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் நாற்காலியை அண்ணிக்கு இழுத்துப்போட்டார்.

எல்லோரும் போனபின் நாத்தனார் முன்பக்கத்து பால்கனியில் புதுக் கொடி ஒன்று கட்டினாள். அண்ணியின் நீலச் சட்டையை உதறி, எழுத்து தெருவைப் பார்க்கிற மாதிரி விரித்துப் போட்டாள். துவைக்காத சட்டை. துவைக்கப் பொறுமை இல்லை அவளுக்கு. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்று, மூக்கைச் சுருக்கினார்.

"ஏய், இது நாறுது."

"நாறுது" என்றாள் நாத்தனார். "அதுக்கென்ன இப்போ?"

காற்று எழும்பி, சட்டையைத் தூக்கிப் பார்த்தது. அவள் இன்னொரு கிளிப்பை எடுத்து மாட்டினாள்.